சூடு

படிவத்தில் ஒன்பது கட்டங்கள்.
பெயர், தகப்பன் பெயர், ரத்த வகை வரைக்கும்
பேனா தடுக்கவில்லை.
நான்காவது கேட்கிறது:
'இதுவரை வீழ்த்தியவை'.

என்னத்தை எழுத?
சனிக்கிழமைப் பாடு மட்டும் முந்நூறு கிலோ காரல்,
அறுபது கிலோ இறால், இரண்டு கூடை நண்டு,
கூடவே மடியில் ஏறி வந்து
பேரில்லாமல் கோழித்தீவனத்துக்குப் போனது ஒரு டன்.
கட்டமோ தீப்பெட்டி அளவு.

தொண்டிக்குத் தெற்கே
மூடிப்போன இறால் பண்ணையை வளைத்து வேலி போட்டு
கிளப் என்கிறார்கள். போர்டு கிடையாது.
கான்ட்ராக்டர் சேதுக்காவலன்,
ஐஸ் பிளாண்ட் நயினா,
பல் டாக்டர் ஒருவர்,
உத்தியோகம் சொல்லக் கூடாத இன்னும் இருவர்.
சந்தா ஐம்பதாயிரம். எனக்கு மட்டும் வேண்டாமாம்.
'நீங்க வந்தாப் போதும், சவரிராயன் சார்.'
என் பேருக்குப் பின்னால் ஒரு சார் வந்து உட்கார்ந்தது
அன்றைக்குத்தான்.

ஒளிப்பானேன், பிடித்திருந்தது.
ஐஸ் பாக்கி எட்டு மாதம்.
பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு
உட்கார்ந்திருப்பவனிடம்
நயினா எப்படிப் பாக்கி கேட்பார்?

மரியபுஷ்பம் சொன்னாள்,
"பறவையச் சுடுறது சட்டப்படி தப்பு."
"மூணு நாட்டிக்கலுக்குள்ள நம்ம மடி விழுறது?"
"அது வயித்துக்கு."
"ஒரு டன் கோழித்தீவனம் யாரு வயித்துக்கு?"
அவள் அரிசி களைய எழுந்து போனாள்.
ஜெயித்துவிட்டேன்.
ஜெயித்தது நல்லாயில்லை.

சும்மா பார்த்துட்டுப் போங்க என்று கூப்பிட்ட ஞாயிறு,
முதல் பூசை மணிக்கும் முந்திய இருட்டு.
ஜீப்பில் நாய்ப் பேச்சு.
ராஜபாளையம் சேற்றில் இறங்காது,
வெளியூர் ஜாதி வெயில் தாங்காது,
நல்லதாக ஒன்று அமையவே மாட்டேன் என்கிறது.
நானும் தலையாட்டினேன்.

வாடையோடு வந்த தாராக்கள்
அலையாத்திக் காட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி
இறங்கலாமா என்று யோசித்த நேரம்
டாக்டரின் ரெட்டைக்குழல் இரண்டு தரம் பேசியது.
ஒன்று மட்டும் விழுந்தது,
வாய்க்கால் முகத்தில், தொடை ஆழச் சேற்றில்.

யாரும் வாய்க்காலைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்கள்.
'சேறு உங்களுக்குப் பழக்கந்தானே, சார்.'

வேட்டியை மடித்துக் கட்டினேன்.
இறங்கினேன்.
பாதி வழியில்தான் ஜீப் பேச்சு ஞாபகம் வந்தது.

பிறகு அதைக் கையில் எடுத்தேன்.

முப்பது வருடமாக என் கை கொன்றதெல்லாம்
குளிர்ந்தவை.
கடலின் குளிரில் பிறந்து ஐஸின் குளிருக்குப் போனவை,
நடுவில் கொஞ்சம் துள்ளி.
இது சுட்டது.
மேலிறகெல்லாம் சேறு,
அடியில் நனையாத பஞ்சு, அதற்கும் அடியில்
காய்ச்சல்காரப் பிள்ளையின் கக்கம்.
உள்ளே ஏதோ விசைப்படகு எஞ்சின் போல
வேகமாக, சின்னதாக ஓடியது.
கரைக்கு இன்னும் நாலு எட்டு இருக்கையில்
நின்றது.
சூடு நிற்கவில்லை.

'தூக்கிப் பிடிங்க சார்' என்று போட்டோ எடுத்தார்கள்.
தூக்கிப் பிடித்தேன்.

திங்கட்கிழமை டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய்
முதல் மடியை அவிழ்த்ததும்
குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன்.
பையன்கள் சிரித்தார்கள், மோதிரத்தைத் தொலைச்சிட்டீங்களா என்று.
குளிர்தான்.
அடி வரைக்கும் குளிர்தான்.
அது நிம்மதியா என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
வலையை மறுபடி இறக்கச் சொன்னேன்.

நான்காவது கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன்.
நான் சுட்டதில்லை, ஆனாலும் ஒன்று.
கையெழுத்துக் கட்டம் அப்படியே கிடக்க,
பழைய வலைப்பலகை ஜோடியை முள்ளிமுனைக்காரனுக்குத் தள்ளிவிட்டு
வந்த பணத்தை எண்ணினேன்.
நயினாவின் ஆள் ஐஸ் வண்டியோடு வந்து நின்றான்.
நோட்டைச் சுற்றிக் கொடுக்க
அந்தத் தாள் சரியாக இருந்தது.

அவன் பிரிக்காமலே சட்டைப்பையில் செருகினான்.
'மீதி எப்பண்ணே?'