சோடாப் போத்தல் சட்டை

கந்தப்பளையில் தை பிறந்தால்
டியூப் லைட்டுக்கும் குளிரும்.
சொன்னால் சிரிக்கிறார் கணக்கப்பிள்ளை நெல்சன்.

ஸ்டார்ட்டரை மாற்றினேன்.
சோக்கை மாற்றினேன்.
ஹோல்டர் பல்லில் பிடித்திருந்த பச்சைக் களிம்பைப்
பழைய பிளேடால் சுரண்டினேன்.
நடுப்பகலில் போட்டுப் பார்த்தால்
ஒரு குற்றம் சொல்ல முடியாது.
ஐந்தரைக்கு மலை மறைந்து பனி இறங்கியதும்
இரண்டு நுனியும் சிவந்து
நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பாம்பு
நெளியும். அணையும்.
மறுபடி நெளியும்.
டிணுங், டிணுங் என்று ஸ்டார்ட்டர்
வராத யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அதற்கு நேர் கீழேதான் தராசு.
மடுவத்து வாசல் தாண்டி வரிசை நிற்கும்,
இடுப்புப் படங்கு நனைந்து
முழங்காலோடு ஒட்டியபடி.
தவமணியின் கொழுந்தைக் கொக்கியில் மாட்டுவார்கள்.
முள் பதினெட்டுக்கு அந்தப் பக்கம் ஆடும்போது
வெளிச்சம் போகும்.
வரும்போது நெல்சனின் பேனா
பதினாறு என்று எழுதி முடித்திருக்கும்.
"ஈரக் கொழுந்து. தண்ணிக்கு ரெண்டு."
இருட்டு அவருக்கு ஒத்தாசை என்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.
வயர்மேனுக்கு வயரோடு மட்டும் பேச்சு.

எல்.ஈ.டி கேட்டு எழுதிக் கொடுத்தேன்.
பெரிய கிளாக்கர் அடுத்த வருசம் என்றார்.
மாசி வந்தால் தானாகச் சரியாகும்
என்றார் நெல்சன், அக்கறையாக.

குழாய்க்குள் ஒரு பொட்டுப் பாதரசம்தான்.
சூடு கண்டால் ஆவியாகி வேலைக்கு வரும்.
குளிரில், ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகள் மாதிரி
புரண்டு படுத்துக்கொள்ளும்.
இதில் ஸ்டோரு மோட்டார் ஓடத் தொடங்கினால்
எங்கள் லைன் கடைசிக்கு வந்து சேர்வது
நூற்றித் தொண்ணூறு வோல்ட்.
மோட்டாரை நிறுத்த என்னால் முடியாது.
பனியை நிறுத்தவும்.
ஒரு சட்டை போட்டுவிடலாம் என்று தோன்றியது.

குணவதி மகளின் சடங்கு முடிந்து
பின்பக்கத்தில் கிடந்தன சோடாப் போத்தல்கள்.
நிறமில்லாததாகப் பார்த்து ஆறு.
கழுத்தையும் அடியையும் அறுத்தேன்.
லேபல் பசை மட்டும்
மண்ணெண்ணெய்க்கும் முழுதாகப் போகவில்லை.
ஒன்றின் வாயில் ஒன்றைச் செருகி
குழாய்க்கு மாட்டி
நுனிகளில் டேப் சுற்றி, மூச்சுவிடக் கொஞ்சம் இடம் விட்டு,
ஏணியில் ஏறினேன்.
தவமணி கூடையை வரிசையில் தன் இடத்துக்குக் காவல் வைத்துவிட்டு
வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
"விழுந்தா எங்க மேலதான் விழணும், பாத்து."

முதலில் அதே பாம்பு.
இரண்டு தரம் டிணுங்.
பிறகு ரோஸ் நிறமாய் ஒரு தயக்கம்.
தன் சூட்டைத் தானே போர்த்திக்கொண்டு
மெல்ல வெளுத்தது.
நின்றது.
தரையில் பசைத் திட்டுகளின் நிழல்,
ஆறு இடத்தில் அழுக்காக, அசையாமல்.

கொக்கியில் கொழுந்து.
பேனாவைத் தூக்கிய நெல்சன்
கொஞ்சம் காத்திருந்தார்.
வரிசை மொத்தமும் முள்ளைப் பார்த்தது.
முள் ஆடி, ஓய்ந்து
பதினெட்டரையில் நின்றது.
அன்று மழையுமில்லை.
பதினெட்டு என்று எழுதினார்.
அரையைக் கேட்கத் தவமணி வாயெடுத்து
பின்னால் நின்றவள் இடித்ததில்
நகர்ந்துபோனாள்.

நாலாம் நாள்
கண் கூசுகிறது என்கிறார் நெல்சன்.
சுவிட்ச்சை அவர் மேசைப் பக்கம் மாற்றித் தர வேண்டுமாம்.
வயர் பத்தாது சார் என்றேன்.
பைக்குள் பன்னிரண்டு அடி
சுருட்டியபடி இருக்கிறது.