போடலாம்

சுகாதார அலுவலகத்துக் கடிதம்
எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.
இரண்டாவது ஊசியை விரும்பினால் போடலாம் என்றது.
போடாமலும் இருக்கலாம் என்றது.
கீழே இரண்டு கோடுகள்,
ஒன்று தாய்க்கு, ஒன்று தந்தைக்கு.
பிள்ளைக்குப் பதினாறு ஆகும்வரை
இரண்டு கையெழுத்தும் வேண்டுமாம்.

வாட்சோவில் அது சூரியன் வராத வாரம்.
காலை பதினொன்றுக்கு வானம்
நீலமாய் ஒரு கொட்டாவி விட்டு
மறுபடி இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.
பள்ளிப் பேருந்தைப் பனியோரம் நிறுத்தி
ஸ்டீயரிங்மேல் கடிதத்தை விரித்து
மூன்றாம் முறையாகப் படித்தேன்.
'லாம்' என்கிற இரண்டெழுத்தைத்
தூக்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.

முதல் ஊசிக்கு நான் யோசிக்கவே இல்லை.
நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.
அன்றிரவு பிராகெ காய்ச்சலில் பிதற்றினான்,
சறுக்குக் கட்டைக்கு மெழுகு பூசவில்லை என்று.
மறுநாள் எழுந்து நான்கு முட்டை தின்றான்.
அவ்வளவுதான்.

பிறகுதான் படித்தேன்,
பையன்களுக்கு, அபூர்வமாக,
இதயத் தசையில் வீக்கம் வருமென்று.
அபூர்வம்,
அடுத்த வீட்டுப் பிள்ளைக்கென்றால் சின்னச் சொல்.
நானோ
என் மகன் சறுக்கிக்கொண்டு மேடேறும்போது
அவன் கழுத்து நரம்பைத்
தூரத்திலிருந்தே எண்ணுகிறவள்.

தூர்கைரைக் கூப்பிட்டேன்.
பிரிந்து ஆறு வருடமாகிறது.
இழுவலைக் கப்பலில் இருக்கிறான்.
செயற்கைக்கோள் வழியாக
அவன் பதில் இரண்டு நொடி பிந்தி வரும்.
ஒரே வீட்டில் இருந்தபோது
இன்னும் பிந்தி வந்தது.

"போடு" என்றான்.
போன மார்ச்சில்
கப்பலில் பதினோரு பேருக்கும் வந்தது.
அவனுக்கு மூக்கு போனது,
இன்னும் திரும்பவில்லை.
காட் மீன் வயிற்றைக் கிழித்தாலும்
டீசல் கொட்டினாலும்
எல்லாம் வெறும் குளிர்க்காற்றுதானாம் அவனுக்கு.
"போட்டுவிடு, குன்வோர்."

நான் இதயம் என்றேன்.
அவன் நுரையீரல் என்றான்.
நான் லட்சத்தில் இத்தனை என்றேன்.
அவன் பதினொன்றில் பதினொன்று என்றான்.
சோபா உனக்கு, படகு எனக்கு என்று
ஒருநாள் பிரித்துக்கொண்ட அதே குரலில்
மகனை உறுப்பு உறுப்பாய்ப்
பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

கதவருகே நின்றிருக்கிறான் பிராகெ,
ஈரக் காலுறையோடு.
"என்னை யாரும் கேட்கமாட்டீர்களா?"
"சரி, நீயே சொல்."
தோளைக் குலுக்கினான்.
"எனக்கும் தெரியாது.
ஆனால் கேட்டிருக்கலாம்."

போட்ஸ்ஃபியூர் துறைமுகத்திலிருந்து
தூர்கைரின் கையெழுத்து வந்து சேர்ந்தது,
மூலையில் ஒட்டிக் காய்ந்த ஒரு செதிலோடு.
என் கோடு காலியாக
குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழே தொங்கியது.
ஒன்பது நாள்.
பால் எடுக்கும்போதெல்லாம்
பார்க்காமல் எடுக்கப் பழகினேன்.

பத்தாம் நாள் தொண்டை வலி என்றான்.
சமையல் மேஜையில்
மூக்கில் குச்சி விட்டு, சொட்டு விட்டு,
முட்டைக்கு வைக்கும் கடிகாரத்தை வைத்தோம்.
அது அடிக்கும் முன்பே
இரண்டு கோடும் விழுந்துவிட்டன.
யார் கையெழுத்தையும் கேட்கவில்லை.

இனி மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்
என்றாள் மருத்துவமனைச் செவிலி.
நிம்மதியாக இருந்தது.
அந்த நிம்மதியை
யாரும் பார்த்துவிடாமல் பாத்திரம் கழுவினேன்.
முடிவெடுக்காததும் ஒரு முடிவுதான் என்று
நீங்கள் சொல்லவேண்டாம்.
தெரியும்.

காய்ச்சல் இரண்டு நாள். மூன்றாம் நாள்
கடலிலிருந்து தூர்கைர் கூப்பிட்டான்.
இதயத்தைக் கேட்கவில்லை, நுரையீரலைக் கேட்கவில்லை.
"அவனுக்கு வாசனை தெரிகிறதா?"

பிராகெ குனிந்து
சறுக்குப் பூட்ஸிலிருந்து காலுறையை உருவி
மூக்கில் வைத்தான்.
"சீ! நாறுகிறது அப்பா!"

இரண்டு நொடி.
இன்னும் இரண்டு.

"எப்படி நாறுகிறது, சொல்லு" என்றான்.
பையன் யோசித்து யோசித்துச் சொன்னான்.
ஈரத்தோல் என்றான், பழைய பாலாடைக்கட்டி என்றான்,
நாய் படுத்த கம்பளி என்றான்.
"அப்புறம்?" என்றது கடல்.