யன்னற்கரை, ஒற்றை இருக்கை

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
கணினி இரண்டு, விசிறி ஒன்று,
சுவரில் பனிமலையும் சிவப்பு ரயிலும் உள்ள போன வருசத்துக் கலண்டர்.
படியேறி வந்து மூச்சு வாங்கினா குணபூசணி அன்ரி.
கச்சேரியில் முப்பத்திமூன்று வருசம் தட்டெழுத்து.
விசா வந்தாயிற்று, விமானச் சீட்டு மகள் எடுத்தாயிற்று.
இனி வேண்டியது
பாசலில் மகளிடம் இருந்து ஹம்பேர்க்கில் மகனிடம் போக
ஒரு ரயில்.

கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன்,
திகதி, கடவுச்சீட்டு, எத்தனை பொதி.
தேவையில்லாததையும் கேட்டேன், வாய்ப்பழக்கம்:
"அன்ரி எவடம்?"
"உடுவில் பக்கம்."
"உடுவிலிலை எவடம்?"
கைப்பையின் சிப்பைத் திறந்தா, மூடினா.
"முதலாம் வகுப்புப் போடு பிள்ளை."

ஏமாற்றத் தெரியாத ஆள் நான். சொன்னேன்:
அங்கே இரண்டாம் வகுப்பென்றால் மாட்டுவண்டில் இல்லை.
ஒரே ரயில். ஒரே வேகம்.
இரண்டு வகுப்பும் ஒரே நிமிசத்தில்தான் போய்ச் சேரும்.
வித்தியாசம் நாற்பத்தொரு யூரோ,
எங்கட காசுக்குப் பதினாலாயிரம் வரும், யோசியுங்கோ.

"அப்பிடி என்ன தருவினம் அதிலை?"
வாசித்தேன். அகலமான இருக்கை. கால் நீட்ட இடம்.
கோப்பி இருந்த இடத்துக்கே வரும், காசு வேற.
சின்னதாய் ஒரு சொக்லேற்.
திருநெல்வேலிச் சந்தையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி
ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்து ஒதுக்கினா.

"சீற் எப்பிடிப் போட்டிருக்கு, அதைக் காட்டு."
திரையைத் திருப்பினேன்.
இரண்டாம் வகுப்பில் இரண்டு, நடுவில் வழி, இரண்டு.
முதலாம் வகுப்பில் இரண்டு, வழி,
ஒன்று.
அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தா.
தட்டெழுத்து விரல், அழுத்தம் கூட, படம் துள்ளி ஓடியது.
மீண்டும் பிடித்துக் கொடுத்தேன்.
"இதுக்கு ஒரு பக்கம்?"
"யன்னல்."
"மற்றப் பக்கம்?"
"ஆக்கள் நடக்கிற வழி."
"முன்னுக்கு?"
"முன் சீற்றின்ர முதுகு."
"அப்ப ஒருத்தரும்…"
அந்த வசனத்தை அவ முடிக்கவில்லை.

பிறகு சிரித்துக்கொண்டுதான் சொன்னா.
"விசாவுக்குக் கொழும்பு போகேக்கை பக்கத்திலை ஒரு மனுசி.
நல்ல மனுசி. கொடிகாமத்திலையே பிட்டைப் பங்கு போட்டம்.
மாங்குளத்திலை கேட்டா, எவடம் எண்டு.
பிறகு எந்தக் குறிச்சி. பிறகு எந்தக் கோயிலடி.
வவுனியா வர, தலையிடி எண்டு கண்ணை மூடியிட்டா.
மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, பொல்காவலை,
கோட்டை மட்டும் திறக்கேல்லை.
நான் குடுத்த பிட்டு
சரையிலை அப்பிடியே இருந்தது."

விசிறி ஒரு பக்கம் திரும்பி நின்று திரும்ப மறந்துபோய் நின்றது.
ஏதாவது சொல்லவேண்டும் என்று சொன்னேன்:
"அங்கையும் எங்கட ஆக்கள் கனபேர் ரயிலிலை வருவினம் அன்ரி,
கதைக்க ஆளில்லாமல் போகாது."
"அதுக்குத்தான் சொல்லுறன்," என்றா,
"ஒற்றைச் சீற்."

படிவம் நிரப்பினேன். குடும்பப் பெயர், சொந்தப் பெயர்,
பிறந்த திகதி, மின்னஞ்சல்.
வேறு கட்டம் இல்லை. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன், இல்லை.
அச்சு மை குறைவு, சீட்டு வெளிறித்தான் வந்தது.
வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாய் வாசித்தா.
அவவின் பெயரில் ஓர் எழுத்தை நான் விழுங்கியிருந்தேன்.
திருத்தித் தா என்றா.
திருத்தினேன். காசை எண்ணி வைத்தா,
கைபிடியைப் பிடித்து, பக்கப்பாடாய், படியிறங்கினா.

பின்னேர மினிபஸ்.
இருவர் சீற்றில் இரண்டு பேர், மூன்றாவதாய் நான், விளிம்பில்.
பக்கத்து மனுசி கேட்டா:
"தங்கச்சி எவடம்?"
ஊர், குறிச்சி, கோயில், ஒழுங்கை,
மிச்சம் வாங்கத் தேவையில்லாத சில்லறைபோல
சரியாய் எண்ணிக் கொடுத்தேன்.
அவ உள்ளே நெருங்கி
எனக்கு இடம் விட்டா.