பின்பக்கத்துச் சின்ன எழுத்து

கபாலேயில் காலை ஆறு மணிக்கு
விட்ட மூச்சு கண்ணுக்குத் தெரியும்.
உகாண்டா என்றால் வெயில் என்பவர்கள்
ஒருநாள் என் பின்னால் ஏறிப் பாருங்கள்,
கையுறை போட்டுக்கொண்டு.

நூறு சிசி வண்டி.
ஒரு லிட்டர் ஆயில் கொள்ளும்.
அந்த ஒரு லிட்டரில்தான்
ஏழாயிரம் ஷில்லிங் மிச்சம் பிடித்தேன்.

துர்யதுங்கா கடையில் இரண்டு புட்டிகள்.
விலை கூடியதில் ஒரு மோட்டார் சைக்கிள் படம்.
மற்றதில் பாய்கிற சிவப்புக் கார்,
பெட்ரோல் மிச்சம் என்று பொன்னெழுத்து.
வாங்கியதும் மூடி திறந்து
ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்தேன்.
அடடா, என்ன வழவழப்பு!
எண்ணெய்க்கு வழுக்கத் தெரிந்தால் போதாதா?
வேறென்ன படித்திருக்க வேண்டும் அது?

நான்காம் நாள் சந்தை.
கென்யாங்கி ஏறினாள்,
எங்களுக்கு நடுவே அரைமூட்டை உருளைக்கிழங்கு.
பன்யோனி ஏரிக்குப் போகிற ஏற்றம்.
மூன்றாவது வளைவு வரை ஒரு குறையும் இல்லை.
அப்புறம் திருகத் திருக
சத்தம் மட்டும் மலையேறியது.
இரண்டாம் கியர்.
முதல் கியர்.
முதலாளி தொண்டை கிழியக் கூவுகிறார்,
கடையில் வேலையாள் ஒருவரும் இல்லை,
அப்படி நின்றது சக்கரம்.

கென்யாங்கி இறங்கினாள்.
மூட்டையை அவிழ்த்துத் தலையில் ஏற்றினாள்.
நடந்தாள்.
என்னைத் தாண்டி நடந்தாள்.
வளைவில் உடம்போடு திரும்பி,
“நன்றாகத்தான் பாடுகிறது உன் வண்டி” என்றாள்.
பாதி வாடகை கொடுத்திருந்தாள்.
திருப்பிக் கேட்காததுதான் அதிகம் சுட்டது.

மெக்கானிக் டிண்டியெப்வா, என்னைவிடப் பத்து வயது சின்னவன்,
சுட்ட சோளத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு
ஆயில் குச்சியை உருவினான்,
முகர்ந்தான்.
“காரில் கிளட்ச் தனிவீட்டுக்காரன்,
உலர்ந்த வீடு.
உன் வண்டியில் பிஸ்டன் கியர் கிளட்ச்
எல்லாம் ஒரே சட்டியில் குளிக்கின்றன.
ஒன்று வழுக்க வேண்டும்,
இன்னொன்று பிடிக்க வேண்டும்,
ஊற்றுவது ஒரே எண்ணெய்.
நீ பிடிக்கிறவனையும் வழுக்க விட்டாய்.”
தட்டுகள் தப்பித்துவிட்டன என்றான்.
கூலியில் நான் தப்பவில்லை.

மறுபடி துர்யதுங்கா கடை.
இந்த முறை புட்டியின் முதுகைத் திருப்பினேன்.
இருபது டபிள்யூ ஐம்பது:
முன் எண் என் பனிக்காலைக்கு,
பின் எண் மதியத்து ஏற்றத்துக்கு.
அதற்கும் கீழே, எறும்பு அளவில்,
ஒரு கட்டத்துக்குள் ஜாசோ எம்.ஏ.
நனைந்தாலும் பிடி விடாது என்று பொருளாம்.
ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்,
அந்தக் கட்டம் என் கண்ணில் பட்டதே இல்லை.
ஏழாயிரத்தை எண்ணி வைத்தேன், கூடவே
மூக்குக்கண்ணாடி விலை விசாரித்தேன்.

வடித்த ஆயில் இன்னும் தேன் நிறம்,
அடியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு.
கொட்ட மனம் வரவில்லை.
ப்வெங்கியேயின் பழைய டாக்சியில் அளவு குறைந்திருந்தது, கொடுத்தேன்.
“வெண்ணெய் மாதிரி ஓடுகிறது” என்று
மூன்று நாளாக எல்லாரிடமும் சொல்கிறான்.
காசு தரவில்லை.

வெள்ளிக்கிழமை கென்யாங்கி வந்தாள்.
நான்கு வண்டிகள் நின்றன.
என் என்ஜினைக் காலால் லேசாகத் தட்டி,
“இன்றைக்கும் பாட்டு உண்டா?”
“இல்லை” என்றேன்.
ஏறினாள். மூட்டை இந்த முறை முழுசு.

மூன்றாவது வளைவில்
வண்டி மூச்சுவிட்டுக்கொண்டு போனது.
பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.