மாறிப்போன துண்டு

செவ்வாய்க்கிழமை,
பாசையூர் அந்தோனியார் கோயில் மன்றாட்டுப் பெட்டிக்குள்ளை
நாலாய் மடிச்சு ஒரு துண்டு போட்டனான்.
இரவு மூண்டு மணிக்கு
கரண்ட் பில்லின்ரை பின்பக்கத்திலை எழுதினது.

மூண்டு மணி எண்டால்
சிலிண்டரைப் பூட்டினனானோ எண்டு ஒருக்கா,
பூட்டினதைப் பாத்தனானோ எண்டு இன்னொருக்கா
குசினிக்குப் போய்வாற நேரம்.
காத்துத் திரும்பினால்
லூயிஸ் போன வள்ளம் எந்தப் பக்கம் நிக்கும் எண்டு
கூரைத் தகரத்தைக் கேக்கிற நேரம்.
செபமாலையை எடுத்தாலும்
விரல் மணி உருட்டும்,
மனம் வட்டி கூட்டும்.

எல்லாத்தையும் எழுதினனான்.
லீசிங்காரன் இருபதாம் திகதி வருவான்.
எஞ்சின் இருமுது.
மெறினுக்கு றிசல்ட் வரவேணும்,
வந்து கம்பஸ் கிடைச்சால் தங்கக் காசு வேணும்.
கடைசியா, பில்லின்ரை ஓரத்திலை,
எறும்பு எழுத்திலை:
இடப்பக்க மார்பிலை ஒரு கட்டி.
மூண்டு மாதம். லூயிசுக்குச் சொல்லேல்லை.

போட்டிட்டு வந்தால் பாரம் குறையும் எண்டிச்சினம்.
குறைஞ்ச மாதிரித்தான் இருந்தது,
சவிரிமுத்தண்ணையின்ரை கடைப்படி ஏறுமட்டும்.

மற்றத் துண்டை நீட்டினனான்.
கண்ணாடியைப் போட்டார். வாசிச்சார்.
தராசுத் தட்டு சும்மா ஆடிக்கொண்டு நிண்டது.
பேந்து மடிச்சபடியே திருப்பித் தந்து
மெல்லமாய்ச் சொன்னார்:
"தங்கச்சி, இதிலை இருக்கிறது ஒண்டும்
என்னட்டை இல்லை."

ஐயோ.
அப்ப அந்தோனியாருக்குப் போனது?
வெங்காயம் கால்கிலோ,
மைசூர்ப் பருப்பு, நெருப்புப்பெட்டி,
பனடோல் ஒரு காட்.
துலைஞ்சதை எடுத்துத் தாறவரிட்டையே
துண்டைத் துலைச்சுப்போட்டு நிக்கிறன்.
முகம் எரிஞ்சுது. இனி இந்தத் தெருவிலை
எந்தப் பைப்படியிலை வாளி வைக்கிறது?

அவர் ஒண்டும் கேக்கேல்லை.
வெங்காயத்தை நிறுத்தார். பருப்பை நிறுத்தார்.
நெருப்புப்பெட்டியை மேலை வைச்சார்.
துண்டு இல்லாமலே.
"வழமையா வாங்கிறதுதானே" எண்டார்.
பனடோலைக்கூட மறக்கேல்லை.

வழியிலை சிரிப்பு வந்திட்டுது.
பேந்து அழுகை.
கடற்கரை மதிலிலை பையை வைச்சிட்டு
இரண்டையும் முடிச்சன்.
ஆண்டவரே,
நான் சொல்லாததை ஒரு கடைக்காரன் நிறுக்கிறான்.
நீர் என்ன செய்துகொண்டு இருக்கிறீர் எண்டு
இத்தினை நாளும் நான் நினைச்சனான்?

கட்டி கரையேல்லை. எஞ்சின் இன்னும் இருமுது.
அண்டிரவும் மூண்டு மணிக்கு எழும்பினன்.
சிலிண்டரை ஒருக்காப் பாத்தன்.
இரண்டாந்தரம் கால் குசினிப்பக்கம் திரும்ப
"அவருக்குத் தெரியும், படு" எண்டு காலுக்குச் சொன்னன்.
கால் நம்பேல்லை,
எண்டாலும் படுத்திட்டுது.

விடிய, வலை உதற முன்னம்
லூயிசுக்குச் சொன்னனான்.
மனிசன் ஒண்டும் பறையேல்லை.
செதிள் ஒட்டின கையைக் கழுவிப்போட்டு
நல்ல சேட்டை எடுத்துப் போட்டார்.

பெரியாஸ்பத்திரி, கிளினிக் வாங்கு.
கையிலை இப்ப வேறை ஒரு துண்டு:
இலக்கம் நாப்பத்தொண்டு.
பக்கத்திலை ஒரு பிள்ளை
தன்ரை துண்டை மடிக்கிறாள், விரிக்கிறாள், மடிக்கிறாள்.
கொஞ்சம் கிட்டப் போய் இருந்தன்.
முப்பத்தாறைக் கூப்பிடுகினம்.