ஐஸ் கணக்கு

கோத்தகிரிக்கு மாற்றலாகிப் போகும்போது
மாடி அறை நர்ஸ் ஹில்டா
காலித் தயிர் டப்பாவில் விட்டுப் போனாள்:
நாலு இலை, ஒரு தண்டு.
"வயலட். வாசனை ஜாதி. வெயில் மட்டும் ஆகாது."
வெயில் ஆகாதாம்.
காசிமேட்டில்.

எங்கள் சந்தில் வயலட் என்றால்
தையல் டீச்சர் ஒருத்திதான்.
அவளும் வந்து குனிந்து பார்த்து
"எம்பேரு இத்தினியூண்டா?" என்று போனாள்.
இலை என்னவோ
வெற்றிலை போடக் கேட்டு அழும் பிள்ளைக்கென்று
யாரோ வெட்டிச் சுருக்கியதுபோல் இருந்தது.

சித்திரை பிறக்குமுன்பே ஓரம் கருகியது.
எனக்கு வேலை ஐஸ் கம்பெனி வாசலில்.
எந்தப் படகுக்கு எத்தனை பார்,
எவன் கடன், எவன் ரொக்கம்,
எழுதுவது.
தரையில் சிதறும் தூளுக்குக் கணக்கில்லை.
அதில் ஒரு கை அள்ளித்
தூக்குவாளியில் போட்டு வந்து
தொட்டியைச் சுற்றி வைத்தேன், தினமும்.
மூன்றாம் வாரம் செத்தது.
விரலை மண்ணில் வைத்து நக்கிப் பார்த்தேன்.
உப்பு.
மீன்பெட்டி கழுவிய தண்ணீர் ஓடும் தரை அது.
குளிரைக் கொண்டுவருகிறேன் என்றிருந்தேன்.
கடலைக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆனால் ஒரு கொடி,
சாவதற்கு முன் விளிம்பு தாண்டித் தொங்கி,
பக்கத்துப் புதினா டப்பாவில்
திருட்டுத்தனமாக வேர் விட்டிருந்தது.

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன்.
இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவே
நாளுக்கு இருபது நிமிஷம் வெயில் விழும் இடுக்கு.
உடைந்த தெர்மோகோல் பெட்டி, அடியில் ஓட்டை.
இலைமக்கு, செம்மண், கொஞ்சம் கரித்தூள்.
லாரித் தண்ணீர் எட்டுக் குடத்தில்
அரைச் சொம்பு அதற்கு.
ஐஸும் பாரிலிருந்து நேராக உடைத்த துண்டு,
என் பெயரிலேயே ரசீது:
"சொந்த உபயோகம், ஐந்து ரூபாய்."
"இன்னாமா, ஊட்ல விசேஷமா?" என்றார் மேனேஜர்.

ஆடியில் மொட்டு வந்தது.
திறக்கவில்லை.
பச்சையாகவே, கழுத்தை மடித்து,
மண்ணைப் பார்த்தபடி.
ஆவணி. புரட்டாசி.
பொறுக்கமாட்டாமல் ஒன்றைக் கிள்ளிப் பிரித்தேன்.
இதழே இல்லை உள்ளே,
நெருக்கி அடுக்கிய விதைகள்.
பூக்காமலே காய்த்திருந்தது.
யாரிடம் சொல்ல? அன்றைக்கு முழுக்கக் கோபம்.
விதையின் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டுக்காக
எறும்புகள் அவற்றை டீச்சர் வீட்டுப் பக்கம்
இழுத்துப் போயின.
போகட்டும் என்று விட்டேன்.

மார்கழி இருபத்திரண்டு.
பதினொரு நாள் கடலில் இருந்துவிட்டு
கஜபதி கரை சேர்ந்த விடியற்காலை,
இடுக்கில் ஊதாவாக ஒன்று.
கட்டைவிரல் நகம் அளவு.

அவர் கைலியை மடித்துக் கட்டி மண்டியிட்டார்.
மேற்குக் காற்றடித்தால் குப்பைமேட்டுப் புகை,
வடக்கில் அடித்தால் கேஸ்,
மற்ற நாளெல்லாம் டீசலும் கருவாடும்.
எதற்கும் அசராத மூக்கு எங்களுடையது.
"ஆமாம்மே," என்றார்.
அடுத்த மூச்சில் முகம் மாறியது.
"காணோமே. முடிஞ்சிப்போச்சா?"
நான் குனிந்தேன். இருந்தது.
உடனே இல்லை.
எழுந்து, தெருக்குழாய் வரை நடந்து,
மீன்காரி கூடையைத் தாண்டித் திரும்பி வந்து குனிந்தால்
மறுபடி இருந்தது.
டீச்சரும் வந்தாள். மூன்று பேரும்
குழாய்க்கும் இடுக்குக்குமாக நடந்துகொண்டிருந்தோம்,
"இருக்கு," "போச்சு," "இப்ப இருக்கு" என்று.
பால்காரர் நின்று பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.

நாலாம் நாள் மறுபடி படகேறினார்.
கொஞ்ச தூரம் வரைதான் சிக்னல்.
விட்டுவிட்டுக் கேட்டது குரல்:
"இருக்கா?"
செல்லைக் காதில் வைத்தபடியே
இடுக்கில் குனிந்து
ஒரே ஒரு மூச்சு இழுத்தேன்.
சொல்ல வாயெடுப்பதற்குள்
லைன் போயிற்று.