ஈரப்பதம்

பெரிய வியாழன் சாயங்காலம்
பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி.
இஞ்ஞாசிக்கு முட்டிவலி என்று
பதினோராவதில் என்னைப் பிடித்து
உட்காரவைத்தார் உபதேசியார்.

கொள்முதல் நிலையம் மூடி நாலு நாள்தான் ஆகியிருந்தது.
விரலிடுக்கில் நெல்லின் சுணை இன்னும் அரித்தது.
சாமி முழங்காலிட்டுச் செம்பைச் சாய்த்தார்.
கோரையாறு வறண்ட மாசம்.
போர்வெல் தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் துரு,
என் பாதத்தில் விழுந்து
கலங்கலாய்த் தாம்பாளத்தில் இறங்கியது.
துவாலையால் ஒற்றி, குனிந்து, முத்தமிட்டார்.
கூசியது.
கால் மட்டுமில்லை.

வருஷத்துக்கொரு தரம் நான் சொல்லும் பாவங்கள்
எனக்கு மனப்பாடம்.
பொய் சொன்னேன். கோபப்பட்டேன்.
மூன்று ஞாயிறு பூசைக்கு வரவில்லை.
தூற்றி எடுத்துப் போவேன்:
பதரைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு
மணியை மடியிலேயே முடிந்துகொண்டு திரும்புவேன்.

அன்றிரவு சனம் கலைந்தபின்
சல்லடைத் தட்டியில் வாயை வைத்தேன்.

சாமி, நான் நெல் கொள்முதலில் பட்டியல் எழுத்தர்.
கருவி பதினேழு காட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.
மூட்டைக்கு நாற்பது தந்தால்
இருபதையும் பதினாறு என்று எழுதுவேன்.
தராவிட்டால் பதினாறையும் பத்தொன்பது என்பேன்.
மாசியில் செண்பகவல்லி என்றொருத்தி
தரமாட்டேன் என்றாள்.
அறுபத்தொரு மூட்டை.
காயவை என்றேன்,
காய்ந்த நெல்லை.
அப்புறம் மூன்று ராத்திரி மழை.
தார்ப்பாய்க்கடியில் முளைத்துவிட்டது சாமி,
பச்சையாய், ஊசி ஊசியாய்.
பார்க்க அழகாய்க்கூட இருந்தது.

தட்டிக்கு அந்தப்பக்கம் வெகுநேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
நரகத்தைப் பற்றி ஏதும் சொல்வார் என்றிருந்தேன்.
"மூட்டைக்கு எவ்வளவு நட்டம்?" என்றார்.

நானூற்று அறுபது.
வியாபாரி அரைவிலைக்குத்தான் எடுத்தான்.
மொத்தம் இருபத்தெட்டாயிரத்து அறுபது.
ஒரு மாசமாய்த் தூக்கத்தில் போட்ட பெருக்கல் அது,
யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"மன்னிப்பு இப்போதே. பணம் திங்கட்கிழமைக்குள்."
கைதூக்கி, தொண்டை கட்டிய குரலில்,
சொல்லவேண்டியதைச் சொல்லிச் சிலுவை வரைந்தார்.
அவ்வளவுதான்.
அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெசிந்தா சங்கிலியைக் கழற்றித் தந்தாள்.
எதற்கென்று கேட்கவில்லை;
கேட்காதது நல்லதுக்கா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

செண்பகவல்லி வாசலில் உளுந்துச்செடி அடித்துக்கொண்டிருந்தாள்.
சாமியிடம் சொன்னதில் பாதிகூடச் சொல்லவில்லை,
மீதி அவளுக்குத் தெரியும்.
பணத்தை எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினாள்.
"இந்த நோட்டு கிழிஞ்சிருக்கு, வேற குடு."
கொடுத்தேன்.
"சரி, போ."

தெருமுனை வரை
கழி விழும் சத்தம் என் முதுகிலேயே கேட்டது.

ஆனியில் தண்ணீர் வந்தது.
மதகின் மேல் நின்று பிள்ளைகள் கூவினார்கள்.
முன்னால் வந்தது தண்ணீரில்லை.
நுரை, சருகு, பிளாஸ்டிக் டம்ளர், ஒற்றைச் செருப்பு,
பூ உதிர்ந்த மாலை நார், செத்த கோழி.
கோடை முழுக்க நாங்கள் போட்டதையெல்லாம்
முகத்தாலேயே தள்ளிக்கொண்டு வந்தது ஆறு.
பின்னால் கலங்கல், நாள்கணக்கில்.
தெளிந்தது எப்போதென்று யாரும் பார்க்கவில்லை.
அதற்குள் எல்லோரும் நாற்றங்காலில் இருந்தோம்.

புரட்டாசியில் நிலையம் திறந்தது.
மூன்றாம் நாள் செண்பகவல்லியின் குறுவை.
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டேன்.
பத்தொன்பது.
திரும்பப் போட்டேன்.
பத்தொன்பதேதான்.

எண்ணை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
எண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
மூட்டைக்குள் கைவிட்டு ஒரு நெல்லை எடுத்துப்
பல்லிடுக்கில் வைத்துக் கடித்தாள்.
"ஈரந்தான்" என்றாள்.

சாக்கை அவிழ்த்துக் களத்தில் கொட்டினாள்.
நல்ல வெயில்.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி
நானும் காலால் துழாவிக்கொண்டிருந்தேன்,
சுணை அரிக்க அரிக்க.